அம்மைப்பாலும் நிர்ப்பீடனமும்: யாழ்ப்பாணத்தில் ஓர் அறிவின் வரலாறு

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலினுள்ளே ஆடவர் மேலாடையுடன் செல்லும் வழக்கம் இல்லை. இருபத்தைந்து நாள்கள் நிகழும் பெருந்திருவிழாக் காலத்தில் வெற்றுத் தோளினராய் வீதி வலம் வரும் அடியார் கூட்டத்தைக் கூர்ந்து நோக்குவோர் ஒரு செய்தியைக் காணலாம். அரை நூற்றாண்டு அகவையைக் கடந்தோர் பலரின் மேற்கையிலே, ஏறத்தாழ ஒரு சதக் காசின் அளவில், நடுவிற் குழிந்த தழும்பு ஒன்று உண்டு. சிலருக்கு இரண்டும் உண்டு. இளைஞரிடத்து அது காணப்படுவதில்லை. இளைஞர் கையிலுள்ள சிறு வடு காசநோய்த் தடுப்பூசியாகிய பி.சி.ஜி.யின் அடையாளம், அது வேறு, இது வேறு. முதியோர் கையிலுள்ள பெருந்தழும்பு, வைசூரி எனப்பட்ட பெரியம்மைக்கு எதிராக அம்மைப்பால் கட்டியதன் எச்சமாகும்.

கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பையும் வரலாற்று மூலங்களாகக் கொள்ளும் நாம், மனிதரின் தோலையும் ஒரு மூலமாகக் கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. தொற்றுநோயை உடல் எவ்வாறு எதிர்க்கின்றது என்னும் அறிவு இக்குடாநாட்டுக்கு வந்த வரலாறு அத்தழும்பிலே தொடங்குகின்றது. அவ்வறிவு ஈண்டு இரு வழிகளில் வந்தது. ஒன்று கையின் வழி, மற்றொன்று மொழியின் வழி. முன்னையது தன் பணியை முற்றாக நிறைவேற்றிற்று. பின்னையது நடுவழியில் நின்றது. அவ்வாறு நின்றமைக்குரிய காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நல்லூர் அரசிருக்கையாய் விளங்கிய காலத்தில் மருத்துவம் அரச ஆதரவு பெற்ற துறையாயிருந்தது. ஆரியச்சக்கரவர்த்திகளின் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் அதற்குச் சான்று. அவற்றைப் பதிப்பித்து அச்சிற் கொணர்ந்த ஏழாலை ஐ. பொன்னையபிள்ளையின் உழைப்புத் தனியே ஆராயத்தக்கது. வாதம், பித்தம், சிலேத்துமம் என்னும் மூன்றின் சமநிலை குலைதலே பிணிக்கு முதற்காரணம் என்பது அம்மரபின் அடிப்படை. புறத்தேயிருந்து உயிருள்ள நுண்பொருளொன்று உடலிற் புகுந்து பெருகுகின்றது என்னும் கருத்தை அங்குத் தேடுதல் முறையன்று. அக்கருத்து ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நிலைபெற்றது.

ஆயினும், நூலறிவு சொல்லாத ஒன்றை அனுபவம் சொல்லியிருந்தது. வைசூரி வந்து பிழைத்தவரை அது மீண்டும் தீண்டுவதில்லை. கி.மு. 430இல் ஏதென்சு நகரை அழித்த கொள்ளைநோயை விவரிக்குமிடத்து, நோயிலிருந்து மீண்டவரே பிறரைப் பராமரித்தனர் என்றும், அந்நோய் ஒருவரை இருமுறை கொல்லுமளவுக்குத் தாக்கவில்லை என்றும் துசிடிடீசு குறித்துள்ளார். இவ்வுண்மையைக் காண நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை. முகத்திலே அம்மைத் தழும்புள்ள ஒருவர் அஞ்சாது நோயாளியின் பாயருகே அமர்ந்து வேப்பிலையால் வருடிக்கொடுப்பதைக் கண்ட எந்த ஊரும் அதனை அறிந்திருக்கும்.

அம்மை நோயை 'அம்மாள் வருத்தம்' என்றே எம்மூரார் வழங்கினர். வாயிலிலே வேப்பிலை செருகப்படும். அயலார் வருகை நிற்கும். வீட்டிலே தாளிதம் இல்லை. நோய் இறங்கியபின் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரால் தலைமுழுக்கு நிகழும். இவற்றுள் அயலாரைத் தவிர்த்தலாகிய ஒன்று இன்றைய அறிவின்படியும் பயனுடையது. கண்ணகி அம்மன் கோயில்களில் நிகழும் குளிர்த்தி, வெப்பு நோய் தணிதற்கான வேண்டுதலோடு தொடர்புடையது. இவ்வழிபாட்டை நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் கண்டித்தமையும், பின்னர்க் கண்ணகி கோயில்கள் சில வேறு பெயர் பூண்டமையும் யாழ்ப்பாணச் சமய வரலாற்றிற் பலரும் அறிந்தவை. நாவலரின் கண்டனம் ஆகம நெறி பற்றியது, நோய் பற்றியதன்று.

1796 மே 14ஆம் நாள், இங்கிலாந்தின் பார்க்ளி என்னும் சிற்றூரிலே, பால் கறக்கும் பெண்ணான சாரா நெல்மெசு என்பவரின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எட்டு வயதுச் சிறுவன் யேம்சு பிப்சின் கையிற் கீறி வைத்தார் மருத்துவர் எட்வேட் யென்னர். சில கிழமைகளின் பின் அச்சிறுவனுக்கு வைசூரிப் பாலையே ஏற்றியபோது நோய் தோன்றவில்லை. இன்றைய ஆய்வொழுக்கம் இதனை ஒருபோதும் அனுமதியாது. 1798இல் யென்னர் தம் நூலை வெளியிட்டார்.

இலங்கையின் கரையோர மாகாணங்கள் அப்போது பிரித்தானியர் கைக்கு வந்துவிட்டன. தேசாதிபதி பிரெடெரிக் நோத்தின் காலத்தில் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய இடங்களில் வைசூரி மருத்துவமனைகள் அமைக்கப்பட்டன. அங்கு முதலிற் கையாளப்பட்டது பழைய முறையே. அதாவது, வைசூரி கண்டவரின் கொப்புளப் பொருளையே நலமுள்ளவரின் தோலிற் கீறி, இலேசான நோயை வருவித்துப் பின்னர்க் காப்பளித்தல். வங்காளத்திலும் துருக்கியிலும் சீனத்திலும் இம்முறை நெடுங்காலம் வழங்கியது. ஆனால் இவ்வாறு நோயேற்றப்பட்டோருட் சிலர் இறந்தனர். அவர்களிடமிருந்து பிறருக்கு உண்மை வைசூரி பரவவும் கூடும். இலங்கையின் மருத்துவத் தலைவராயிருந்த தோமஸ் கிறிஸ்ரி, அம்மைப்பால் வருமுன் இத்தீவில் வைசூரி விளைத்த அழிவு பற்றி 1811இல் ஒரு நூலை வெளியிட்டார். பிற்காலத்தார் பலரும் அதனையே ஆதாரமாகக் கொள்வர்.

யென்னரின் பாலை வெப்ப நாடுகளுக்குக் கொணர்தல் எளிதாயிருக்கவில்லை. நூலிலே தோய்த்து உலர்த்திய பால் நெடுங்கடற் பயணத்தில் வீரியம் இழந்தது. ஈற்றில் வியன்னாவிலிருந்து கொன்சுதாந்திநோபிள், பக்தாது, பஸ்ரா வழியாக அது பம்பாயை அடைந்தது. 1802 யூன் 14ஆம் நாள் அங்கு அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு அது வெற்றியாகக் கட்டப்பட்டது. இந்தியத் துணைக்கண்டம் முழுவதற்கும் பால் அக்குழந்தையின் கையிலிருந்தே சென்றது. அதே ஆண்டில் இலங்கையும் அதனைப் பெற்றது. ஒரு பிள்ளைக்குக் கட்டி, எட்டாம் நாளளவில் எழும் கொப்புளத்திலிருந்து பாலெடுத்து அடுத்த பிள்ளைக்குக் கட்ட வேண்டும். சங்கிலி எங்கேனும் அறுந்தால் மீண்டும் தொலைவிலிருந்து தருவிக்க வேண்டும். ஆகவே மருந்தைச் சுமந்து சென்றவை போத்தல்கள் அல்ல, பிள்ளைகளின் கைகளே.

அக்கீறலின் கீழே உண்மையில் நிகழ்ந்தது யாது? அக்காலத்தில் எவரும் அதனை அறிந்திலர், யென்னரும் அறிந்திலர். இன்று ஓரளவு விரிவாகக் கூறலாம்.

தோல் முறியாதிருக்கும்வரை உடலுக்கு அது மதில். நல்லூர் நகரின் நாற்புறத்தும் வெயிலுகந்த பிள்ளையார், வீரமாகாளி, சட்டநாதர், கைலாயநாதர் கோயில்கள் காவலாய் அமைந்தன என்னும் மரபை இவ்விடத்தில் நினைவுகூரலாம். பால் கட்டுபவரின் ஊசி அம்மதிலில் வேண்டுமென்றே ஒரு வாயிலைத் திறக்கின்றது. அதன்வழிப் புகுந்த வைரசு தோலின் கலங்களிற் பெருகத் தொடங்குகின்றது. சில மணி நேரத்துள் தின்குழியங்கள் அங்குத் திரள்கின்றன, குருதிக்கலன்கள் விரிகின்றன, இடம் சிவந்து, வெம்மையுற்று, வீங்கி, நோகின்றது. நோயெனக் கருதப்படும் இந்நான்கும் உண்மையில் உடலின் எதிர்ப்பே. ஆனால் இம்முதற்காவல் எதிரியைப் பெயர்சொல்லி அறியாது. அயலானது என்று கண்டதை விழுங்குவதே அதன் தொழில்.

அடுத்து நிகழ்வது நுட்பமானது. தோலிலுள்ள கிளைக்குழியங்கள் வைரசின் கூறுகளைச் சுமந்து நிணநீர் வழியே அக்குளிலுள்ள நிணநீர்க்கணுக்களை அடைகின்றன. பால் கட்டிய பிள்ளைக்கு அக்குளில் நெறி கட்டுவதை எம் பாட்டிமார் நன்கறிவர். அதன் காரணம் இதுவே. அக்கணுக்களில் இலட்சக்கணக்கான நிணநீர்க்குழியங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் வெவ்வேறு வடிவிலமைந்த வாங்கியைத் தாங்கியுள்ளது. இவ்வடிவங்கள் எதிரி வந்தபின் ஆக்கப்பட்டவையல்ல. எந்த எதிரியையும் காணுமுன்பே, எழுந்தமானமாக, எண்ணிறந்த வகையில் ஆக்கப்பட்டவை. பூட்டு எதுவென்று தெரியாமலே கோடிக்கணக்கான திறப்புகளைச் செய்து வைத்திருப்பது போன்றது இது. வந்த வைரசின் கூறோடு பொருந்துவன மிகச் சிலவே. அச்சிலவே தெரியப்பட்டுப் பெருகுகின்றன. அவுஸ்திரேலிய அறிஞர் மக்பார்லன் பேணற் 1957இல் முன்வைத்த தெரிவுக் கொள்கையின் சாரம் இது.

பெருகியவற்றுள் பீ வகையின பிறபொருளெதிரிகளைச் சுரக்கின்றன. அவை வைரசிற் பற்றிக்கொண்டு அது புதிய கலங்களுட் புகாதவாறு தடுக்கின்றன. ரீ வகையினவற்றுட் சில, வைரசு ஏற்கெனவே குடிபுகுந்த கலங்களை அழிக்கின்றன. வேறு சில, ஏனையவற்றுக்குத் துணைபுரிகின்றன. கட்டிய இடத்தில் எட்டாம் நாளளவில் முதிரும் கொப்புளம் இப்போரின் களமாகும். மூன்று கிழமையளவிற் பொருக்கு உதிர்ந்து தழும்பு நிலைக்கின்றது. போர் முடிந்ததும் படையிற் பெரும்பகுதி மாய்ந்துபோகின்றது. எஞ்சி நிற்பவை நினைவுக்குழியங்கள்.

இத்துறையை விளக்குவோர் படை, அரண், ஆயுதம் என்னும் உவமைகளையே பெரிதும் கையாள்வர். மேலே நாமும் கையாண்டோம். ஆயினும் நினைவுக்குழியங்களைப் பொறுத்தவரை பொருத்தமான உவமை தோம்பேயாகும். ஒல்லாந்தர் எம் காணிகளையும் ஆட்களையும் பெயர் பெயராகப் பதிந்து வைத்தனர்; பின்வந்த ஆட்சியாளர் அதனைப் புரட்டினால் இன்னார் யார் என்பது உடனே தெரியும். உடலின் தோம்பிலே ஒருமுறை பதியப்பட்ட எதிரி மறுமுறை வரும்போது, கிழமைக்கணக்கிற் செல்லவேண்டிய ஆயத்தம் சில நாள்களில் முடிகின்றது. மாட்டம்மை வைரசும் வைசூரி வைரசும் நெருங்கிய உறவின. புறத்தோற்றத்தில் ஒத்த கூறுகள் பல. ஆகவே ஒன்றன் பெயரிற் பதிந்த பதிவு மற்றதற்கும் செல்லுபடியாகின்றது. வைசூரித் தொற்று ஏற்பட்டபின் நோய் வெளிப்பட ஏறத்தாழப் பன்னிரண்டு நாள்கள் செல்லும். ஆதலின் தொற்றிய சில நாள்களுள் பால் கட்டினாலும் பலரைக் காக்க முடிந்தது. பதிவு நோயை முந்திக்கொண்டது.

கைவழி வந்த இவ்வறிவை மக்கள் எவ்வாறு ஏற்றனர் என்பது வேறு வினா. ஒரு பிள்ளையின் கையிலூறிய நீரை மற்றொரு பிள்ளையின் குருதியிற் கலத்தல் வேண்டும் எனும்போது, தீண்டாமையும் துடக்கும் வாழ்வை ஒழுங்குபடுத்திய ஒரு சமூகத்தில் எத்தகைய மனத்தடை எழும் என்பதை யாழ்ப்பாணத்தை அறிந்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. தமிழகத்தில் இத்தடையை வெல்ல எடுத்த முயற்சியொன்று வியப்பூட்டுவது. திருக்குறளுக்கு உரைகண்டவரும், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பத்தின என்பதை 1816இல் நிறுவியவருமான எல்லிசுத் துரை, அம்மனும் தன்வந்தரியும் உரையாடுவதாகத் தமிழில் ஒன்றை இயற்றி, பசுவின் வழி வந்த பால் அம்மனின் அருளே என்று மக்களுக்கு உணர்த்த முனைந்தார். அவர் இறந்த 1819ஆம் ஆண்டிலேயே, 'கல்வி விரும்பன்' என்னும் புனைபெயரில் ஒருவர், அம்மைப்பால் முறை பண்டை வடநூலொன்றிலேயே உள்ளது எனச் சென்னைப் பத்திரிகையொன்றுக்கு எழுதினார். அத்தகைய நூல் எதுவும் இல்லை எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர். நன்மை கருதிச் செய்த புனைவாயினும் புனைவு புனைவே. நம் முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என நிறுவ விழைவோர் இன்றும் அக்கூற்றை எடுத்தாள்வதைக் காணும்போது, நல்ல நோக்கத்திற் சொன்ன பொய்யும் எவ்வளவு நீண்ட ஆயுளுடையது என்பது தெரிகின்றது.

கைக்குக் கை மாற்றும் முறையில் வேறு நோய்களும் பரவும் ஏதம் இருந்தமையால், பிற்காலத்திற் கன்றின் தோலில் வளர்த்த பால் வழக்குக்கு வந்தது. 1886இல் இலங்கையில் அம்மைப்பால் கட்டுதல் சட்டமாக்கப்பட்டது. அம்மைப்பால் கட்டுபவர் ஊரூராய் வந்தார். இவ்வாறு தழும்பு பொதுவுடைமையாயிற்று.

மொழியின் வழி வந்த அறிவுக்கு இனித் திரும்புவோம். 1822ஆம் ஆண்டில் இருவர் பிறந்தனர். ஒருவர் நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர்; மற்றவர் அமெரிக்காவின் மசசூசெற்சு மாநிலத்திற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இங்கு வந்த கிறீன், மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு மருத்துவப் பணியும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். இடையே தாயகம் சென்று 1862இல் மீண்டு, 1873வரை இங்கிருந்தார். 1864இலிருந்து தம் மாணாக்கருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவன் நகரை நாடுவான், தமிழிற் கற்றவன் ஊரிலே தங்கி ஊரார்க்கு உதவுவான் என்பது அவர் கணிப்பு. மாணாக்கர் தமிழுடையைக் கைவிடுதலையும் அவர் விரும்பவில்லை.

கிறீனும் அவர்தம் மாணாக்கரும் தமிழாக்கிய நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகியவை 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. கலைச்சொற்களுக்கெனத் தனித் தொகுதிகளும் உண்டு. தமிழில் வேருள்ள சொல் கிடைப்பின் அதனையும், வடசொல் பழகியதாயின் அதனையும், இரண்டும் இல்லையெனின் ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு ஏற்பத் திரித்தும் ஆண்டனர். 'கெமிஸ்தம்' என்னும் பெயரே இதற்குச் சான்று. இன்று அது நகைப்பை விளைக்கலாம். ஆயினும் அன்று எவரும் நகைத்துக்கொண்டிருக்கவில்லை, கற்றுக்கொண்டிருந்தனர்.

சமயத் துறையில் நாவலரும் மிஷனரிமாரும் எதிரெதிர் முகாமினர். எனினும் நோயை முன்வைத்து நோக்கும்போது இருவர் பணியும் ஓரிடத்தில் வந்து பொருந்துகின்றது. 1817இல் வங்காளத்து யெசோரிலிருந்து புறப்பட்ட வாந்திபேதி, அடுத்த ஈராண்டுகளுள் இலங்கையை அடைந்து, பின்னர் அலையலையாய் இக்குடாநாட்டை வாட்டிற்று. 1866, 1867ஆம் ஆண்டுகளின் அலை கொடியது. கிறீனுக்கும் அவர் பயிற்றிய வைத்தியருக்கும் பெருஞ்சோதனையாயமைந்தது அதுவே. வைசூரி போல வாந்திபேதி ஆயுட்காலக் காப்பை விட்டுச் செல்வதில்லை. அக்கிருமி குருதியுட் புகாது குடலின் மேற்பரப்பிலேயே நின்று நஞ்சு சுரக்கின்றது. அதற்கெதிரான குடற்காப்புச் சில ஆண்டுகளிற் குன்றிவிடும். ஆதலின் தப்பியவரை நம்பியிருந்த பழைய அனுபவ அறிவு இங்குக் கைகொடுக்கவில்லை. தூய நீரே முதற்காப்பு. கிணற்று நீரையே முற்றாக நம்பியிருக்கும் சுண்ணக்கல் நிலம் இது. மேலிருந்து ஊறும் அழுக்கு நிலத்தடி நீரை விரைவில் அடையும்.

1876, 1877ஆம் ஆண்டுகளிற் பஞ்சமும் கொள்ளைநோயும் சேர்ந்து வந்தன. நாவலர் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்திப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்ப்பித்தார். அரசாங்க அதிபராயிருந்த துவைனத்தின் போக்கை வன்மையாகக் கண்டித்தார். வரலாற்றாசிரியர் இதனைச் சைவத் தருமமாகவும் அரசியல் எதிர்ப்பாகவும் விளக்குவர். மருத்துவ நோக்கிலும் இதற்குப் பொருள் உண்டு. புரதம் குன்றிய உடலில் ரீ வகை நிணநீர்க்குழியங்கள் குறைகின்றன. அவை முதிரும் தைமசுச் சுரப்பி சுருங்குகின்றது. குடலின் உட்சுவர் நலிகின்றது. பஞ்சத்தைத் தொடர்ந்து கொள்ளைநோய் வருவதற்கு இது பெருங்காரணங்களுள் ஒன்று. மானிப்பாயில் வார்த்த மருந்துக்கும் நாவலர் வார்ப்பித்த கஞ்சிக்கும் உடலினுள்ளே வேலை ஒன்றுதான். ஒருவர் மற்றவரை அவ்வாறு கண்டிருக்கமாட்டார் என்பது வேறு.

கிறீன் 1884இல் தம் ஊரிற் காலமானார். 'தமிழருக்கான மருத்துவ ஊழியர்' என்னும் பொருள்பட அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது. இந்த ஆண்டைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். மனுஷ சுகரணம் அச்சேறுவதற்கு முந்திய ஆண்டாகிய 1882இலேதான், இத்தாலியின் மெசினாவிலே, உருசிய அறிஞர் மெச்னிக்கோவ் நட்சத்திரமீனின் ஒளிபுகும் இளவுடலில் முள்ளொன்றைக் குத்தி வைத்து, மறுநாட் காலை நடமாடும் குழியங்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். 1885இல் பாஸ்ரர், வெறிநாய் கடித்த யோசேப்பு மீசுத்தர் என்னும் சிறுவனைக் காப்பாற்றினார். 1890இல் பேரிங்கும் கிற்றசாற்றோவும், காப்புப் பெற்ற விலங்கின் குருதிப்பாயத்தை வேறொன்றுக்கு ஏற்றினால் காப்பும் உடன்செல்லும் எனக் காட்டினர். 1908இல் மெச்னிக்கோவும் ஏர்லிக்கும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நிர்ப்பீடனவியல் என்னும் துறை பிறந்த காலும், மானிப்பாயின் தமிழ் மருத்துவக் கல்வி ஒடுங்கிய காலும் ஒன்றே. கொழும்பு மருத்துவப் பள்ளி 1870இலேயே ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது; அரச உத்தியோகத்துக்கு அதுவே வழியாயிற்று. உடலின் என்பும் நரம்பும் ஈரலும் தமிழிற் பெயர் பெற்றன. அவ்வுடல் தன்னைக் காக்கும் வகை பெயர் பெறுமுன் பட்டறை மூடப்பட்டது.

இதனை ஒரு தற்செயல் என்று தள்ளிவிடலாமா? கிறீன் இன்னும் இருபதாண்டு இருந்திருப்பினும் நிலை பெரிதும் மாறியிராது என்பதே எம் கருத்து. ஒரு தனிமனிதரின் விருப்பத்திலும் ஒரு மிஷனின் நிதியிலும் நின்ற கல்வி அது. எம்மவர் அதனைத் தம்முடையதாக ஏற்று நிறுவனமாக்கவில்லை. பிள்ளைக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று அக்காலப் பெற்றோர் கேட்டதிற் குறைகாண்பதும் எளிதன்று. அரச உத்தியோகமும் மலாயா வாழ்வும் அம்மொழியிலேயே கிடைத்தன.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின், அரச கரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகளும் தமிழ்மொழி மூல விஞ்ஞானக் கல்வியும் வந்தபோது அறுந்த இழையை மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் நிர்ப்பீடனம், பிறபொருளெதிரி, தின்குழியம் முதலான சொற்கள் அம்முயற்சியின் வழிவந்தவை. தமிழகத்தார் இதனையே நோயெதிர்ப்பாற்றல் என்பர். நிர்ப்பீடனம் என்பது பீடை இன்மை எனப் பொருள்படும் வடசொல்லாக்கம்; பொதுமக்களுக்கு எட்டாது என்று அதனைக் குறைகூறுவோர் உளர். இலத்தீன் மூலச் சொல்லான 'இம்யூனிசு' என்பதோ, அரசுக்குச் செய்யவேண்டிய கடமையிலிருந்து விடுபட்டவர் என்னும் பொருளது. ஒல்லாந்தர் காலத்து ஊழியமுறையை எண்ணினால் 'ஊழியம் நீங்கினவர்' என்று கிறீனின் மாணாக்கர் அதனைத் தமிழாக்கியிருக்கவும் கூடும் எனச் சிலவேளை எண்ணத் தோன்றுகின்றது. சொல் எதுவாயினும் வழக்கத்தால் இனிக்கும். வழங்க இடம் வேண்டும் என்பதே இடர். உயர்தர வகுப்பிற் 'பிறபொருளெதிரி' என்று கற்ற மாணவர் மருத்துவ பீடத்தில் அதனை ஆங்கிலத்திற் கற்கின்றார். பின்னர் மருத்துவராகித் தாயொருத்திக்கு, ஊசி போட்டபின் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது ஏன் என விளக்க வேண்டிய நேரத்தில் இரு மொழிகளுக்கும் இடையே நிற்கின்றார். 1978இல் யாழ்ப்பாண மருத்துவ பீடம் தொடங்கியது. அது மானிப்பாயிலிருந்து சில கல் தொலைவிலேயே உள்ளது.

வேறு மருந்துகளும் வந்தன. இலங்கையில் 1949இல் பி.சி.ஜி., 1961இல் முக்கூட்டு மருந்து, அடுத்த ஆண்டு இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து என அவை வரிசையாக அறிமுகமாயின. தொண்டைக்கரப்பனும் குக்கலும் ஏற்புவலியும் பிள்ளைகளைக் கொள்ளை கொண்ட காலம் மெல்ல மறைந்தது. இளம்பிள்ளைவாதத்தின் கடைசி நோயாளி 1993இற் பதிவானார். போர் உச்சத்திலிருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதியிற் கூட, சொட்டு மருந்து வழங்கும் நாள்களில் இரு தரப்பாரும் துவக்குகளைத் தாழ்த்தினர். வடக்கில் வேறெதற்காகவும் எளிதில் நிற்காத போர் அது. ஒரு கொள்ளைநோய் குடாநாட்டுக்குள் வருவதற்கு இராணுவ எல்லைகள் தடையல்ல என்பதை இரு தரப்பும் உணர்ந்திருந்தன போலும்.

வைசூரி இலங்கையிற் கடைசியாக 1972இற் காணப்பட்டது. 1977 ஒக்ரோபரிற் சோமாலியாவில் ஒருவருக்கு வந்ததே இயற்கையாய்த் தொற்றியதில் இறுதி. 1980 மே மாதத்தில் உலக சுகாதார மன்றம் அந்நோய் ஒழிந்ததாக அறிவித்தது. பால் கட்டுதலும் அதனோடு முடிவுற்றது. ஆதலின் நல்லூர் வீதியில் இளைஞர் தோள்கள் வெறுமையாயின.

2020இல் கொவிட் பெருந்தொற்றின் கட்டுப்பாடுகளிடையே அப்பெருந்திருவிழா நடைபெற்றது. அடுத்த ஆண்டு ஊசி வந்தபோது, அது உடலினுட் செய்வது யாதென எம்மூர்ப் பெரியவர் பலர் வினவினர். விடை சொல்ல முனைந்தோர் பலருக்கும் முதலில் வந்தவை ஆங்கிலச் சொற்களே.

வைசூரிக்கு எதிராகப் பால் கட்டியவரின் குருதியை ஆராய்ந்த அறிஞர், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்நோயை இனங்காணும் நினைவுக்குழியங்கள் அவர்களிடம் எஞ்சியிருப்பதை 2003இல் அறிவித்தனர். தேர் வடத்தைப் பற்றி நிற்கும் முதியவர்களின் உடலில் அவை இன்றும் உலவிக்கொண்டிருக்கின்றன, உலகில் எங்கும் இல்லாத ஒரு நோயை எதிர்பார்த்தவாறு.